நிகழ்வு ஆய்வு: கௌரவச் சங்கத்தில் இடம் கிடைக்காத ஓர் ஆர்த்தோ விண்ணப்பம்

பின்னணி

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நான் பொது மருத்துவத் துறை ஆசிரியர். மாணவர் ஆலோசகர் வேலையும் உண்டு. எங்கள் துறையின் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி) தேர்வுக்குழுவிலும் உட்காருகிறேன். 2023 வசந்தத்தில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஒரு மாணவியின் விண்ணப்பத்தை அவர் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாணவி தெற்காசியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மூன்றாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஆர்த்தோ (எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை) தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. விண்ணப்பதாரர்களையும் ரெசிடென்சி இடங்களையும் இருதரப்பு விருப்ப வரிசைப்படி பொருத்தும் முறைக்கு மேட்ச் என்று பெயர். அந்த ஆண்டு மேட்ச்சில் நாடு முழுக்க ஆர்த்தோவுக்கு இருந்தவை 900-க்குச் சற்று மேற்பட்ட இடங்கள்தான். கேட்டு வந்தவர்கள் அதைவிட நிறையப் பேர். நல்ல மதிப்பெண்ணோடு வருபவர்களிலும் சிலர் ஒவ்வோர் ஆண்டும் வெளியே நிற்கிற துறை இது.

அவர் வகுப்புக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2022 ஜனவரி 26 முதல் மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, பாஸா ஃபெயிலா என்பது மட்டும்தான். அந்த மாற்றத்துக்குப் பிறகு தேர்வெழுதி ரெசிடென்சிக்கு விண்ணப்பித்த முதல் பெரிய கூட்டம் இவர்களுடையது. பல கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கும் ஏற்கனவே பாஸ்–ஃபெயில்தான். ஆகவே வந்து குவியும் விண்ணப்பங்களைப் பிரிக்க, தேர்வுக்குழுக்களின் கையில் இருந்த எண்கள் குறைந்துபோயின. முன்பெல்லாம் மாணவர்கள் தங்களுக்குள் “ஸ்டெப் எவ்வளவு?” என்று கேட்டுக்கொள்வார்கள். இந்த வகுப்பில் “ஏ.ஓ.ஏ. வந்துடுமா?” என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்த இரண்டு சங்கங்கள்

ஏ.ஓ.ஏ. என்பது ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா. 1902-இல் சிகாகோவில் வில்லியம் ரூட் என்ற மாணவர் தொடங்கிய கௌரவச் சங்கம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை. நெடுங்காலம் இருந்த விதி இது: வகுப்பின் மேல் கால்வாசியில் இருப்பவர்களுக்கே தகுதி, அவர்களிலும் மொத்த வகுப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அண்மை ஆண்டுகளில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 20 சதவீதம் வரை எடுக்கலாம் என்றார்கள். தரவரிசை நிபந்தனையையும் நீக்கினார்கள். ஆனாலும் யாரை எப்படி எடுப்பது என்பது பெருமளவு கிளையின் கையில்தான் இருக்கிறது. சில கிளைகள் மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு சிலரையும் இறுதியாண்டில் மற்றவர்களையும் எடுக்கின்றன. எங்கள் கிளை அந்த வகை.

இன்னொன்று கோல்ட் ஹ்யூமனிசம் ஹானர் சொசைட்டி. மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளை கோட் அணிவிக்கும் விழாவை 1993-இல் தொடங்கிவைத்த ஆர்னால்ட் கோல்ட் அறக்கட்டளை 2002-இல் இதை உருவாக்கியது. இதில் மதிப்பெண்ணைவிட வகுப்புத் தோழர்களின் வாக்குக்குத்தான் எடை. உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வகுப்பில் யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள் கேட்டு, அதிகம் பேர் சொல்லும் பெயர்களை எடுப்பார்கள்.

விண்ணப்ப மென்பொருளான ஈராஸில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. “உறுப்பினர்”, “தேர்தல் இறுதியாண்டில் நடக்கும்”, “எங்கள் கல்லூரியில் கிளை இல்லை” என்ற மாதிரித் தெரிவுகள். எம்.டி.க்குப் பதில் டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு சிக்மா சிக்மா ஃபை என்று வேறொரு சங்கம். சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு ஏ.ஓ.ஏ. கட்டத்தில் போட ஒன்றும் இல்லை. “அதைக் காலியாக விட்டால் குறையா?” என்று அங்கிருந்து கேட்பவர்களிடம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கும் ஒரு விலக்கு உண்டு, கீழே வருகிறது.

2023 மே: பட்டியல் வெளியானபோது

கோல்ட் பட்டியலில் மாணவியின் பெயர் இருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த ஏ.ஓ.ஏ. முதல் சுற்றுப் பட்டியலில் இல்லை. அவரோடு ஆர்த்தோவுக்குப் போகும் இன்னும் இரண்டு பேரின் பெயர்கள் அதில் இருந்தன. அந்த வாரமே அறைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வி, “டாக்டர், ஆர்த்தோவை விட்டுடலாமா?”

கேள்வி அவருடையது மட்டும் இல்லை. வீட்டில் அப்பா கேட்டிருக்கிறார். சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேட்ச்சை நடத்தும் அமைப்பு வெளியிடும் புள்ளிவிவரங்களில் ஆர்த்தோ, தோல், பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளில் இடம் கிடைத்தவர்களில் ஏ.ஓ.ஏ. உறுப்பினர்களின் பங்கு மற்ற துறைகளைவிட அதிகம் என்பது உண்மைதான். மாணவர்கள் அந்த வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். அதில் தெரியாமல் போவது ஒன்று: அதே ஆட்களுக்கு ஸ்டெப் 2 (உரிமத் தேர்வின் அடுத்த கட்டம், இதற்கு மதிப்பெண் உண்டு) மதிப்பெண், ஆராய்ச்சிக் கட்டுரைகள், சொந்தக் கல்லூரியில் பெரிய ஆர்த்தோ துறை எல்லாம் சேர்ந்தே இருக்கும். சங்கத்தில் இருந்ததால் இடம் கிடைத்ததா, இடம் கிடைக்கக்கூடிய ஆட்களே சங்கத்திலும் இருந்தார்களா என்று அந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மதிப்பீடுகளைப் பிரித்துப் பார்த்ததில் கண்டவை

எங்கள் கிளையின் கணக்கில் மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு துறையிலும் சில வாரம் வேலை செய்யும் சுழற்சிகளின் கிரேடுக்குத்தான் பெரிய பங்கு. ஏழு சுழற்சிகள். மாணவிக்கு நான்கில் ஹானர்ஸ் (மிக உயர்ந்த கிரேடு), மூன்றில் அதற்கு அடுத்த ஹை பாஸ். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து அல்லது ஆறு ஹானர்ஸ். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த மூன்று ஹை பாஸ்களையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். ஒன்றில் எழுத்துத் தேர்வு மதிப்பெண் போதவில்லை, அதில் பேச ஒன்றுமில்லை. மற்ற இரண்டில் தேர்வு மதிப்பெண் ஹானர்ஸ் எல்லைக்கு மேலேயே இருந்தது. கீழே இழுத்தது வார்டு மருத்துவர்கள் ஐந்துக்குப் போடும் மதிப்பீடு. ஹானர்ஸ் எல்லை 4.2, இவருக்கு 4.1. அந்த மதிப்பீட்டோடு எழுதியிருந்த குறிப்பில் ஒரு வரி: “அமைதியானவர். கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் தெரிகிறது.” இதை எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதியிருப்பார். பக்கத்தில் போட்ட எண் மட்டும் 3.

இந்த 0.1 எப்படிப் பெருகுகிறது என்பதைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். மருத்துவத்தில் குறைந்த எண்ணிக்கையில் உள்ள இனப்பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வார்டு மதிப்பீட்டில் இருந்த இடைவெளி மிகச் சிறியது. கிரேடாக மாறும்போது ஹானர்ஸ் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. கௌரவச் சங்கம் என்று வரும்போது தேர்வாகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு வெட்டுக்கோடு. ஒவ்வொரு வெட்டுக்கோட்டிலும் இடைவெளி விரிகிறது. அதே கல்லூரி 2020-இல் ஏ.ஓ.ஏ. தொடர்பையே நிறுத்திக்கொண்டது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி அதற்கு முன்பே, 2018-இல், மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தியிருந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பு, 2017-இல், யேல் ஆய்வாளர்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை வைத்து ஒரு கணக்கைப் போட்டார்கள். ஸ்டெப் மதிப்பெண், ஆராய்ச்சி, சேவை எல்லாவற்றையும் சமன்செய்த பிறகும், வெள்ளை மாணவர்கள் ஏ.ஓ.ஏ.வில் இருப்பதற்கான சாதகம் கறுப்பின மாணவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு, ஆசிய மாணவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் பெற்றோர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். படிப்பில் முன்னால் நின்றால் போதும் என்று நம்பி வந்த சமூகம் நம்முடையது. ஆனால் வார்டில் எண் போடுகிறவர் பார்ப்பது படிப்பை மட்டும் இல்லை.

இந்த மாணவி விஷயத்தில் நடந்தது அதுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு தனி ஆளின் 4.1-ஐ வைத்து அப்படி முடிவுகட்டவும் முடியாது. அவரிடமும் அப்படியேதான் சொன்னேன். ஆனால் “நான் போதாது” என்று அவர் எடுத்துக்கொண்டிருந்ததை அந்தத் தாள்கள் ஆதரிக்கவில்லை, அதையும் சொன்னேன். நாடு முழுக்கப் பார்த்தால் இந்த கிரேடுகளே ஓர் அளவுகோலில் இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் மிக உயர்ந்த கிரேடு வாங்கியவர்களின் பங்கு இடத்துக்கு இடம் 2 சதவீதத்திலிருந்து 93 சதவீதம் வரை மாறியது. இந்த எண்களின் மேல்தான் சங்கத்தின் பட்டியல் நிற்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கிரேடை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவருக்கு ஆசை. அதற்கான கெடு இரண்டு சுழற்சிகளுக்கும் முடிந்திருந்தது. அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் ஓய்ந்தது.

நிறைய நேரம் எடுத்தது கோடைத் திட்டம். ஜூனில் தொடங்கி எட்டு வாரம் ஓர் ஆராய்ச்சிச் சுழற்சி எடுக்க அவர் பதிவு செய்திருந்தார். அக்டோபரில் வரும் இறுதியாண்டு ஏ.ஓ.ஏ. சுற்றில் ஆராய்ச்சிக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. இந்தச் சுழற்சி ஆர்த்தோவோடு சம்பந்தம் இல்லாத ஒன்று. புள்ளிக்காகவே எடுத்தது என்று அவரே சொன்னார்.

நான் காலண்டரைக் காட்டினேன். 2023-இல் விண்ணப்பங்கள் ரெசிடென்சி திட்டங்களின் பார்வைக்குத் திறக்கும் நாள் செப்டம்பர் 27. மாணவரின் செயல்பாட்டைப் பற்றிக் கல்லூரி எழுதும் டீன் கடிதமும் அன்றுதான் போகும். எங்கள் இறுதியாண்டுச் சுற்றின் முடிவு வருவது அக்டோபர் நடுவில். ஈராஸில் விண்ணப்பத்தை ஒருமுறை உறுதிசெய்து அனுப்பிவிட்டால் அந்தக் கட்டத்தைத் திரும்பப் போய் மாற்ற முடியாது. ஆக, அவர் அக்டோபரில் தேர்வானாலும் விண்ணப்பத்தில் அது ஏறாது. தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிச் சொல்லலாம், அவ்வளவுதான். பாதிக் கோடையைக் கொடுத்து வாங்குகிற பொருள் கடை மூடிய பிறகுதான் கைக்கு வரும்.

ஆர்த்தோவில் அந்தக் கோடைக்கு வேறு மதிப்பும் உண்டு. மற்ற ஊர் மருத்துவமனைகளில் போய் நான்கு வாரம் வேலை செய்யும் அவே ரொட்டேஷன்களை அந்தத் துறை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. அதிகாலை ரவுண்டில் ஓடி, பிளாஸ்டர் பிடித்து, ஆபரேஷன் முடியும்வரை ரிட்ராக்டரை அசையாமல் பிடித்து நின்ற ஆளை அவர்கள் மறப்பதில்லை. சிபாரிசுக் கடிதமும் அங்கிருந்து வரும். ஆராய்ச்சிச் சுழற்சியை விட்டுவிட்டு இரண்டு அவே ரொட்டேஷன், சொந்தக் கல்லூரி ஆர்த்தோவில் இன்டர்ன் போலவே பொறுப்பெடுத்து வேலை செய்யும் ஒரு சப்-இன்டர்ன்ஷிப் என்று மாற்றினோம். எங்கள் ஆர்த்தோ துறை ஆலோசகரும் இதையே சொன்னார். அவர் சொன்ன விதம் கொஞ்சம் கடுமை: “ஏ.ஓ.ஏ. உன் ஃபைலைத் திறக்க வைக்கும். உன்னை நான் பார்த்திருந்தால் ஃபைலே வேண்டாம்.”

அப்புறம் சிக்னல். ஆர்த்தோ விண்ணப்பதாரருக்கு 30 சிக்னல் கிடைக்கும். உங்கள் திட்டத்தில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு என்று அந்த 30 இடங்களுக்கு மட்டும் தெரிவிக்கலாம். சொந்த இடத்துக்கும் அவே செய்த இடங்களுக்கும் முதலில் ஒதுக்கினோம். மீதியைப் பெரிய பெயர்களின் பின்னால் ஓடாமல், சங்கத்தில் இல்லாத எங்கள் பழைய மாணவர்களை முன்பு நேர்காணலுக்கு அழைத்த திட்டங்களாகப் பார்த்துப் போட்டோம். எந்தத் திட்டம் ஏ.ஓ.ஏ.வை வடிகட்டியாக வைத்திருக்கிறது என்று யாரும் வெளியே சொல்வதில்லை. பழைய பட்டியல்தான் இருந்த ஒரே தடயம்.

கோல்ட் உறுப்பினர் தகுதியை எப்படிக் காட்டுவது என்பதில் மாணவிக்கே தயக்கம் இருந்தது. “சர்ஜன்கள் சிரிப்பார்கள்” என்றார். கட்டத்தில் டிக் போடுவதோடு விட்டுவிடாமல், வகுப்புத் தோழர்கள் அவர் பெயரை எதனால் சொன்னார்களோ அந்த வேலையை எழுதச் சொன்னேன். அந்த ஆண்டிலிருந்து ஈராஸில் அதிகபட்சம் 10 அனுபவங்கள்தான் எழுத முடியும். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்து விரிவாக எழுதலாம். சர்ஜரி சுழற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்து வந்த முதியவர்களுக்காக அவர் ஒரு பக்கத் தாள் ஒன்று தயார் செய்திருந்தார். வீட்டில் எத்தனை படி, குளியலறை எந்த மாடியில், இரவில் கூட யார் இருப்பார்கள், எந்த மொழியில் பேச வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய நாளே மொழிபெயர்ப்பாளரை வைத்துக் குடும்பத்தைக் கேட்டு நிரப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் “வீட்டில் யாரும் இல்லையே” என்று தெரிந்து ஆளை நிறுத்திவைப்பது அதனால் குறைந்தது என்று வார்டு நர்ஸ்கள் சொன்னார்கள். வார்டில் அதை இன்னமும் பயன்படுத்துகிறார்கள். மூன்று முக்கிய அனுபவங்களில் ஒன்றாக அதை எழுதினார்.

இன்னொரு துறைக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாமா என்று பேசினோம். ஸ்டெப் 2 மதிப்பெண் 250-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். இடம் கிடைக்காவிட்டால் ஓர் ஆண்டு ஆர்த்தோ ஆராய்ச்சியில் சேர்ந்து மறுபடி முயல்வது என்று தாளில் எழுதி, அவர் வீட்டுக்கும் தெரியப்படுத்தச் சொன்னேன். மார்ச்சில் அவசரத்தில் எடுக்கும் முடிவைவிட ஆகஸ்டில் எழுதிவைத்த முடிவு நல்லது.

செப்டம்பர், அக்டோபர்

ஏ.ஓ.ஏ. கட்டத்தில் “தேர்தல் இறுதியாண்டில்” என்று குறித்து விண்ணப்பம் போனது. அது பொய் இல்லை. இரண்டாம் சுற்று நடக்கவிருந்தது. அக்டோபர் பட்டியல் வந்தது. அதிலும் பெயர் இல்லை.

இந்த முறை அவர் என்னைத் தேடி வரவில்லை. இரண்டாவது அவே ரொட்டேஷனில் இருந்தார், தூங்கவே நேரம் இல்லை. ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் வந்தது: “பார்த்தேன். சரி.”

மேசையின் மறுபக்கம்

அதே அக்டோபரில் எங்கள் பொது மருத்துவத் தேர்வுக்குழுவில் நடந்ததை இங்கே சேர்க்க வேண்டும். இந்த நிகழ்வில் நான் அதிகம் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள்; படிக்க ஒரு சில பேர். மென்பொருளில் வடிகட்டிகள் உண்டு. எந்தக் கல்லூரி வகை, ஸ்டெப் 2 எவ்வளவு, விசா தேவையா, ஏ.ஓ.ஏ.வா என்றெல்லாம் தேர்ந்து வைத்தால் பட்டியல் சுருங்கும். முதல் வரிசையில் படிக்க வேண்டியவர்களைப் பிரிப்பதற்காக ஏ.ஓ.ஏ. உறுப்பினர்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்றார் ஒரு சக ஆசிரியர். போட்டுப் பார்த்தார். திரை சட்டென்று கையடக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

யார் காணாமல் போனார்கள் என்று மெதுவாகத்தான் தெரிந்தது. கிளையே இல்லாத கல்லூரிகளின் மாணவர்கள் அத்தனை பேரும் போயிருந்தார்கள். இறுதியாண்டில் தேர்தல் நடத்தும் கல்லூரிகளின் மாணவர்கள் போயிருந்தார்கள். ஆஸ்டியோபதிக் கல்லூரிக்காரர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள் ஒருவர்கூட இல்லை. மேலே சொன்ன விலக்கு இதுதான்: காலிக் கட்டத்தை யாரும் குறையாக எண்ணுவதில்லை, ஆனால் வடிகட்டிக்கு எண்ணத் தெரியாது. அந்த வடிகட்டியை நிறுத்தவைத்தது இவர்களில் பெரும்பாலோரின் நிலை அல்ல. ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஏ.ஓ.ஏ. கிளை கிடையாது. “ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஒருத்தர்கூட விண்ணப்பிக்கவில்லையா இந்த வருஷம்?” என்று அதே ஆசிரியர் கேட்டார். விஷயம் புரிந்ததும் வடிகட்டியை எடுத்துவிட்டார். சிரித்தோம். சிரிக்க வேண்டிய விஷயமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

குளிர்காலம் முழுக்க நடந்த வரிசைக் கூட்டங்களில் கவனித்தது வேறு. நேர்காணல் முடிந்த பிறகு ஒருவரை எந்த இடத்தில் வைப்பது என்று பேசும்போது ஏ.ஓ.ஏ. என்ற சொல் கிட்டத்தட்ட எழவே இல்லை. கடிதத்தில் இருந்த ஒரு வரி, நேர்காணலில் சொன்ன ஒரு நோயாளியின் கதை, ரெசிடெண்டுகளோடு பேசியபோது நடந்துகொண்ட விதம், இவற்றைத்தான் பேசினோம். அதாவது சங்கத்தின் செல்வாக்கு ஃபைல் திறக்கும் கதவோடு நின்றுவிடுகிறது. எங்கள் துறையில் அந்தக் கதவு ஓரளவு அகலம். ஆர்த்தோவில் குறுகல். அதனால்தான் அங்கே அந்த முத்திரைக்கு மதிப்பு கூடுகிறது.

நேர்காணல்கள்

மாணவிக்குப் பத்துக்கு மேல் அழைப்புகள் வந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் சிக்னல் அனுப்பிய இடங்கள். அவே செய்த இரண்டு இடங்களும் அழைத்தன. சிக்னல் அனுப்பியும் பதிலே வராத திட்டங்கள் பாதிக்கு மேல். அவற்றில் எத்தனை இடத்தில் ஏ.ஓ.ஏ. இல்லாதது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அவர் பயந்த கேள்வி ஓர் இடத்தில் வந்தது. வீடியோ நேர்காணல், மூத்த சர்ஜன் ஒருவர். “கோல்டில் இருக்கிறீர்கள், ஏ.ஓ.ஏ.வில் இல்லை. நோயாளிகளுக்கு உங்களைப் பிடிக்கும் போலிருக்கிறது. எங்களுக்கு ஏன் பிடிக்க வேண்டும்?” இதற்கு நாங்கள் தயார் செய்த பதில் ஒன்றும் கிடையாது. அவர் அந்த ஒரு பக்கத் தாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: இடுப்பெலும்பு ஆபரேஷன் சரியாக முடிந்தும் படுக்கை காலியாகாமல் நிற்பது சர்ஜனின் அடுத்த கேஸைத் தள்ளிப்போடுகிறது, அந்தத் தாமதத்தில் பாதி முந்தைய நாளே கேட்டிருக்கக்கூடிய நான்கு கேள்விகளால் வருவது. அதற்குப் பிறகு பேச்சு முழுக்க டிஸ்சார்ஜ் பற்றியே போனதாம். மற்றோர் இடத்தில் ஒரு ரெசிடெண்ட், தானும் கோல்ட் உறுப்பினர் என்று சொல்லிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருக்கிறார். மற்ற இடங்களில் இரண்டு சங்கங்களையும் பற்றி யாரும் கேட்கவில்லை.

முடிவு

விரும்பும் இடங்களின் வரிசைப் பட்டியலைப் பிப்ரவரி 28-க்குள் பூட்ட வேண்டும். அவே செய்த இரண்டு இடங்களையும் முதல் இரண்டாக வைத்தார். எந்த இடத்தில் தனக்கு வாய்ப்பு அதிகம் என்று ஊகித்து மாற்றி வைக்கப் பார்த்தபோது தடுத்தேன். மேட்ச் கணக்குமுறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குவது. உண்மையான விருப்ப வரிசையை எழுதினால் நஷ்டம் கிடையாது.

மார்ச் 11 திங்கட்கிழமை, இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தது. 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்கே என்று தெரிந்தது: அவர் வரிசையில் இரண்டாவது இடம், இரண்டாவது அவே செய்த மருத்துவமனை. அங்கே அவருக்குக் கடிதம் எழுதிய சர்ஜன் பிறகு என்னிடம் ஒரு கூட்டத்தில் சொன்னார், வரிசை போடும்போது ரெசிடெண்டுகள்தான் அவர் பெயரை மேலே தூக்கினார்கள் என்று. ஏ.ஓ.ஏ. பற்றிக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

முதல் சுற்றில் ஏ.ஓ.ஏ. கிடைத்த மற்ற இரண்டு ஆர்த்தோ மாணவர்களில் ஒருவருக்கு அழைப்புகள் இவரைவிட நன்றாகவே அதிகம். பெரிய பெயருள்ள திட்டங்கள் பல. அவருக்கு முதல் விருப்பமே கிடைத்தது. இன்னொருவருக்கும் அழைப்புகள் குறைவில்லை, ஆனால் இடம் கிடைக்கவில்லை. அவர் அவே ரொட்டேஷன் ஒன்றுதான் செய்திருந்தார். நேர்காணலில் பேச வராது என்பது வகுப்புக்கே தெரியும். அந்தத் திங்கட்கிழமை அவர் என்னிடம் கேட்டது: “ஏ.ஓ.ஏ. இருக்கே, எப்படி டாக்டர்?” மூன்று பேரை வைத்து எந்த விதியும் எழுத முடியாது. ஆனால் சங்கத்தில் இருப்பது ஒருவரை அசட்டையாக்கும், இல்லாதது இன்னொருவரைத் துறையையே விட்டு ஓட வைக்கும் என்பதை ஒரே ஆண்டில் ஒரே வகுப்பில் பார்த்தேன்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஆலோசனையில் இப்போது இரண்டாம் ஆண்டிலேயே கிளையின் கணக்கு முறையைச் சொல்லிவிடுகிறோம்: எதற்கு எவ்வளவு புள்ளி, எந்தத் தேதியில் முடிவு, அது விண்ணப்பத்தில் ஏறுமா ஏறாதா. மறைத்து வைத்தபோது அதற்கு இருந்த மாயம் பாதி போய்விட்டது. அக்டோபர் சுற்றுக்காகக் கோடையைச் செலவழிக்க இப்போது யாரும் கேட்பதில்லை. வேறு துறைக்காரர்களுக்கு நான் சொல்வது: பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம், மனநலம் என்றால் இந்தப் பட்டியலை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்த்தோ, தோல், பிளாஸ்டிக் மாதிரி என்றால் இல்லாதது ஓர் எடைதான், ஆனால் நேரில் பார்த்த ஆளின் கடிதம் அதைவிட எடை.

வார்டு மதிப்பீட்டுப் படிவத்தில் எண்ணுக்கு முன்னால் குறிப்பு எழுத வேண்டும் என்று வரிசையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். எங்கள் துறையில் மாற்றியாயிற்று. சர்ஜரியில் இன்னும் இல்லை. எங்கள் தேர்வுக்குழுவின் மென்பொருளில் ஏ.ஓ.ஏ. வடிகட்டியை முதல் சுற்றில் பயன்படுத்துவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறோம்.

கிளையையே மூடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கல்லூரிக் குழு அதற்குப் போகவில்லை. முதல் சுற்றை நிறுத்திவிட்டு, எல்லாத் தேர்தலையும் மேட்ச் முடிந்த பிறகு இறுதியாண்டு ஏப்ரலில் வைப்பது என்று தீர்மானித்திருக்கிறது; கௌரவம் கௌரவமாக இருக்கட்டும், விண்ணப்பத்துக்கு ஆகாது என்பது வாதம். இதற்கு எதிர்ப்பு வந்தது போட்டித் துறைகளுக்குப் போகும் மாணவர்களிடமிருந்து. அதில் நியாயம் இருக்கிறது. பெரிய பெயருள்ள கல்லூரி மாணவருக்கு ஏ.ஓ.ஏ. இல்லாவிட்டால் பரவாயில்லை, கல்லூரிப் பெயர் பேசும். எங்கள் மாதிரி அரசுக் கல்லூரி மாணவரிடம் காட்ட இருந்த ஒரே முத்திரையை நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள் என்கிறார்கள். மற்ற கல்லூரிகள் நிறுத்தாதவரை நாம் மட்டும் நிறுத்துவது நம் பிள்ளைகளைத்தான் பாதிக்கும் என்று ஆர்த்தோ துறைத் தலைவரும் எழுத்தில் கொடுத்திருக்கிறார். தீர்மானத்தை இரண்டு மேட்ச் சுற்றுகளுக்குச் சோதனையாக நடத்தி, அழைப்பு எண்ணிக்கையைத் துறைவாரியாகப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வது என்று ஒத்திவைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை எடுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது.